பெயர் ஒன்று, பாட்டில் இரண்டு!

என் மூன்று வயது மகனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வலிக்குப் பாரசிட்டமால் சிரப் 5 மில்லி, மூன்று வேளை என்று சீட்டில் இருந்தது. அன்று திருப்பத்தூரில் ஒரு துக்க வீடு. "அத்தை, அலமாரியில தம்பிக்கு வலி மருந்து இருக்கு. மூணு வேளையும் மூடியில அஞ்சு மில்லி ஊத்திக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, கைக்குழந்தையோடு பஸ் ஏறிவிட்டேன்.

இருட்டிய பிறகு வந்து பார்த்தால், சிரப் வைத்த அளவிலேயே இருக்கிறது. பக்கத்தில், கைக்குழந்தைக்குத் தடுப்பூசிக் காய்ச்சல் வந்தால் கொடுக்க வாங்கி வைத்திருந்த 15 மில்லி டிராப்ஸ் பாட்டில் காலி! இரண்டிலும் ஒரே பெயர், ஒரே நிறம். மாமியாரை என்ன குறை சொல்வது? கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்து, அதுவும் இங்கிலீஷில்.

பதறிப்போய் காரைப் பிடித்து காரைக்குடிக்கு ஓடினோம். டாக்டர் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம் மருந்து. டிராப்ஸிலோ ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம்! பெரியவர்கள் போடும் 500 மில்லிகிராம் மாத்திரை அளவு, 12 கிலோ பிள்ளைக்கு ஒவ்வொரு வேளையும் போயிருக்கிறது. அளவு மீறினால் கல்லீரல் கெடுமாம். முதல் நாள் பிள்ளை நன்றாக விளையாடினாலும் நம்பக் கூடாதாம். இரண்டு நாள் வைத்திருந்து ரத்தம் சோதித்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளும் எனக்கு உயிரே இல்லை.

மருந்துத் தவறுகளைக் குறைக்க உலக சுகாதார நிறுவனமே 2017-ல் தனி இயக்கம் தொடங்கியிருக்கிறது. நம் பங்குக்கு நாமும் சிலவற்றைச் செய்யலாம், சகோதரிகளே. 'எத்தனை மில்லி' என்பதோடு, 'எந்தப் பாட்டிலில்' என்றும் டாக்டரிடம் கேளுங்கள். மருந்துக்கடையில் பாட்டிலைச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். சளி மருந்து சிலவற்றிலும் பாரசிட்டமால் இருக்கும். கேட்காமல் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் பிளாஸ்திரி ஒட்டி, பிள்ளையின் பெயரையும் அளவையும் தமிழில் எழுதுங்கள்.

வெளியே கிளம்பும்போது, 'அலமாரியில் இருக்கு' என்று வாயால் சொல்லாமல், பாட்டிலை எடுத்துக் கையிலேயே கொடுத்துவிட்டுப் போங்கள்.

- ஒரு வாசகி, கண்டரமாணிக்கம்.