சர்வகலாசாலையின் உண்மையான வேலை

சர்வகலாசாலை என்றவுடன் நம்மவர்களின் மனத்தில் எழும் காட்சி யாது? பரீட்சை மண்டபம், கறுப்பு அங்கி, பட்டச் சுருள், அதைக் கையில் வைத்துக்கொண்டு உத்தியோகத்துக்கு மனுப் போடும் வாலிபர் கூட்டம் ஆகிய இவையே. இப்படிப்பட்ட எண்ணம் வேரூன்றியதற்கு ஜனங்களைக் குறை கூறுவது நியாயமாகாது. 1857-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி சென்னைச் சர்வகலாசாலை ஸ்தாபிக்கப்பட்ட பொழுது, அதற்கு இடப்பட்ட தொழிலே பரீட்சை நடத்துவதும் பட்டம் வழங்குவதும்தான். 1904-ஆம் வருஷத்துச் சட்டந்தான் போதனையும் ஆராய்ச்சியும் சர்வகலாசாலையின் கடமைகள் என்று ஏற்றுக்கொண்டது. பரீட்சை எந்திரமாகப் பிறந்த ஸ்தாபனம், அறிவைத் தேடும் ஸ்தாபனமாக மாறியது எப்படி, அந்த மாறுதலால் தேசத்துக்கு விளைந்த பயன் யாது, அது இன்று எந்த நிலைமையில் இருக்கிறது என்பவற்றை நமது நேயர்கள் சிந்திக்க வேண்டுமென்பது நமது விருப்பம்.

மாதம் 75 ரூபாய்

ஸ்ரீநிவாச ராமானுஜனின் சரித்திரம் யாவரும் அறிந்ததே. ஆயினும் அதில் சர்வகலாசாலைக்குரிய பாகத்தைப் பலர் கவனிப்பதில்லை. கணிதத்தைத் தவிர வேறு பாடங்களில் மனம் செல்லாத காரணத்தால் அவர் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. அந்தப் பரீட்சையை நடத்தியது சென்னைச் சர்வகலாசாலை. பிறகு அவர் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913-இல் அதே சர்வகலாசாலை அவரைத் தனது முதல் ஆராய்ச்சி மாணவராக ஏற்று, மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. எம்.ஏ. பட்டம் பெற்றவருக்கே அத்தகைய உதவி என்பது விதி. ராமானுஜனிடமோ எந்தப் பட்டமும் இல்லை. விதி குறுக்கே நின்றதென்று காரியத்தைக் கைவிடாமல், விதியை விலக்கி மனிதரைக் காப்பாற்றினார்கள். ஐந்து வருஷங்களில், 1918-இல், அவர் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார்.

பரீட்சை என்னும் கண்ணுக்குத் தோல்வியாகத் தெரிந்தவர், ஆராய்ச்சி என்னும் கண்ணுக்கு மேதையாகத் தெரிந்தார். பார்த்தது ஒரே சர்வகலாசாலைதான். அதற்கு இந்த இரண்டாவது கண் திறந்திருக்கிறதா என்பதே நாம் எக்காலத்திலும் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

பாசியும் பருத்தியும்

அதன் பின்னர் இந்தக் கண் எத்தனை திசைகளில் பார்த்தது என்பதை எண்ணினால் ஆச்சரியமே உண்டாகும். தாவர நூலில் ஸ்ரீ எம். ஓ. பி. ஐயங்கார் குளங்களிலும் சேற்றிலும் வளரும் பாசிகளை ஆராய்ந்தார். ஈர மண்ணில் படர்ந்து வாழும் பிரிட்ஷியெல்லா என்னும் பச்சைப் பாசியை அவர் 1932-இல் உலகுக்கு அறிவித்தார். நீரில் வாழ்ந்த தாவரங்கள் ஆதியில் எவ்வாறு நிலத்தில் ஏறியிருக்கக் கூடும் என்று ஆராய்வோர் இன்றும் அந்தப் பாசியைக் குறிப்பிடுகிறார்கள். அவருக்குப் பின்வந்த டாக்டர் டி. எஸ். சதாசிவன் மண்ணிலுள்ள காளான்களின் மீது கவனம் செலுத்தி, பருத்திச் செடியை வாடச் செய்யும் நோயின் காரணங்களைத் துருவினார். பாசியைப் பார்ப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர், பருத்தி விளைவிக்கும் குடியானவனிடம் சென்று கேட்கட்டும். செடியின் உடலை அறிய வேண்டுமென்ற ஆவலில் பிறந்த வித்தைதான் செடியின் நோயையும் அறிந்து சொல்லுகிறது.

மதுரவாயலில் சர்வகலாசாலைக்கு ஒரு வயல் ஆராய்ச்சிசாலை உண்டு. கரும்பின் மரபணுக்களை ஆராய்ந்து புகழ்பெற்ற ஸ்ரீமதி ஜானகி அம்மாள் 1984-இல் காலஞ்சென்றது வரையில் தமது கடைசி வருஷங்களை அங்கே செடிகளின் நடுவில்தான் கழித்தார். சேப்பாக்கம், கிண்டி, தரமணி என்று பரந்து கிடக்கும் இந்த ஸ்தாபனத்தில் கணிதம், பௌதிகம், ரஸாயனம், பிராணி நூல், ஜீவ ரஸாயனம், நுண்ணுயிர் நூல், மருந்தியல் ஆகிய யாவும் இடம் பெற்றிருக்கின்றன. இவ்வளவு துறைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பது வெறும் ஆடம்பரமா, அல்லது அதனால் பலன் உண்டா? இதற்குக் கிண்டியில் நடந்த ஒரு காரியமே தக்க விடையாகும்.

கிண்டியில் விளைந்த பெருமை

1942 முதல் 1969 வரை 27 வருஷம் உபவேந்தராக இருந்த டாக்டர் லக்ஷ்மணஸ்வாமி முதலியார் பிரசவ வைத்தியத்தில் நிபுணர். பௌதிகத் துறைக்கு ஒரு தலைவர் வேண்டுமென்று அவர் ஸர் சி. வி. ராமனை அணுகினார். ராமன் தாம் வர இயலாதென்று கூறி, தமது சிஷ்யராகிய ஜி. என். ராமச்சந்திரனின் பெயரைச் சொன்னார். சுமார் 30 வயது வாலிபரிடம் 1952-இல் ஒரு துறையையே ஒப்படைத்தார்கள். அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்த பெர்னால் என்னும் ஆங்கில விஞ்ஞானி, கொலாஜன் என்னும் புரதத்தின் உருவம் இன்னும் விளங்கவில்லை என்று அவரிடம் தெரிவித்தார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் புரதம் அது. சாலையின் எதிர்ப்புறத்தில், அடையாற்றில், 1948-இல் ஏற்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. பதனிடுவோருக்காக அமைந்த அந்த நிலையம் கொலாஜன் மாதிரிகளைத் தந்து உதவியது. கிண்டியில் எக்ஸ்-ரே கருவி இருந்தது. கோபிநாத் கர்த்தா என்னும் துணைவரும் இருந்தார்.

1954-இல் அவ்விருவரும் தங்கள் முடிவை 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். மூன்று இழைகள் கயிறு திரிப்பதுபோல் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்பது அதன் சாரம். அந்த இழைகளில் ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் கிளைஸின் என்னும் மிகச் சிறிய அணுக்கூட்டமாக இருப்பானேன் என்பதும் அதனால் விளங்கியது. கயிற்றின் நடுவே இடம் குறுகியது. அங்கே பெரியது நுழையாது.

இங்கிலாந்திலிருந்து ஆட்சேபம் கிளம்பியது. உங்கள் உருவத்தில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று அங்குள்ள பிரபல ஆராய்ச்சியாளர்கள் குறை கூறினார்கள். ராமச்சந்திரனும் அவருடைய மாணவர்களும் வாதத்தில் இறங்கிப் பொழுதைப் போக்கவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதற்கு அதுவரை கிடைத்த அளவுகள் அனைத்தையும் திரட்டிக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததே 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட படம். புரத இழையின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பக் கூடும். எந்தத் திருப்பம் இயலும், எது இயலாது என்பதை ஒரே சதுரத்தில் அந்தப் படம் காட்டிவிடுகிறது. ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டதாகச் சொல்லுபவர்கள் அது சரிதானா என்று சோதிக்க இன்றும் 'ராமச்சந்திரன் படத்தை' எடுத்துப் பார்க்கிறார்கள். மருந்துகளை ஆராய்வோரும் புரத உருவங்களை நம்பியே வேலை செய்வதால், கிண்டியில் போட்ட கணக்கு உலகத்து வைத்தியத்துக்கும் உதவி வருகிறது.

இந்த வெற்றியில் பௌதிகம், ரஸாயனம், உயிர் நூல், தோல் தொழில் ஆகிய நான்கும் கலந்திருக்கின்றன. பிரசவ வைத்தியர் ஒருவருடைய தீர்க்க திருஷ்டியும் கூடவே இருக்கிறது. துறைகள் அடுத்தடுத்து இருந்தபடியால் கிடைத்த பயன் இது.

மயிலாப்பூர் வீடு ஒன்று

ஆனால் ஆர்வம் உள்ள இடத்திலெல்லாம் சர்வகலாசாலை தாராளமாக இடங்கொடுத்தது என்று நாம் சொல்ல மாட்டோம். பௌதிகப் பேராசிரியராக இருந்த டாக்டர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் 'ஏகாம்ர நிவாஸம்' என்னும் தமது குடும்ப வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டி, அணுவின் உட்பொருளைப் பற்றிய புதிய விஷயங்களை விவாதித்து வந்தார். 1960-இல் சென்னைக்கு வந்த நீல்ஸ் போர் அந்த மாணவர்களைக் கண்டு வியந்து பேசினார். அந்தச் சொல் டில்லி வரையில் எட்டியது. 1962-ஆம் வருஷம் ஜனவரி 3-ந் தேதி கணித விஞ்ஞான நிலையம் தனி ஸ்தாபனமாகத் தோன்றியது. இன்று அது தரமணியில் இயங்கி வருகிறது. ஒரு நல்ல நிலையம் கிடைத்ததில் நமக்குச் சந்தோஷமே. ஆயினும், வீட்டுக் கூடத்தில் நடந்த காரியம் சர்வகலாசாலைக்குள்ளேயே வளர வழி இருந்ததா என்ற கேள்வி எழாமல் போகாது.

நாம் இழந்தவரும் நமக்குக் கிடைத்த பாடமும்

வைத்தியத் துறையில் நாம் அடைந்த நஷ்டம் இதனினும் பெரியது. எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை வைத்தியக் கலாசாலையில் படித்தவர். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதர் அணிந்ததால் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். மட்டும் பெற்றார். ஆராய்ச்சி செய்ய இங்கே வழியின்றி அமெரிக்கா சென்றார். உயிரணுக்களின் சக்திக்கு ஆதாரமான பொருளைக் கண்டவர்களில் அவர் ஒருவர். போலிக் அமிலத்தைப் பற்றிய அவரது வேலையிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து பிறந்தது. யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கும் மாத்திரை அவருடைய தலைமையில் உருவானது. யானைக்கால் நோய் சென்னையிலும் இருந்தது. அந்த நோய்க்கு மருந்தளித்த மனிதரை அந்த ஊரே அனுப்பிவிட்டு, மருந்தை நியூயார்க்கிலிருந்து எதிர்பார்த்து நின்றது. 1948-இல் அவர் அங்கேயே காலமானார்.

அடையாற்றில் இதற்கு நேர் மாறான உதாரணம் ஒன்று உண்டு. சென்னை வைத்தியக் கலாசாலையில் 1912-இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி, தமது சகோதரி புற்றுநோயால் மாண்டதை மறவாமல், பல வருஷம் பாடுபட்டு 1954-இல் அங்கே புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். சிகிச்சையும் ஆராய்ச்சியும் சேர்ந்து நடக்கும் அந்நிலையம் ஏழைகளின் புகலிடமாக இன்றும் விளங்குகிறது.

தரமணியிலுள்ள சர்வகலாசாலையின் அடிப்படை வைத்திய விஞ்ஞான நிலையம் லக்ஷ்மணஸ்வாமி முதலியாரின் பெயரைத் தாங்குவது. காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பது நமது நாட்டில் பாட்டிமார் அறிந்த வைத்தியம். அந்தப் பச்சிலையை டாக்டர் எஸ். பி. தியாகராஜன் முதலியோர் ஆராய்ந்தார்கள். ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். 1988-இல் 'லான்செட்' பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. போலிப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமெங்கும் பரபரப்பு உண்டாயிற்று. ஆனால் பிற தேசங்களில் நடந்த பரிசோதனைகளில் இதே பலன் கிடைக்கவில்லை. இன்று அந்த நோய்க்குச் சரியான காப்பு தடுப்பூசியே.

இது தோல்வி என்று நாம் கருதவில்லை. முன்னோர் சொன்னது என்பதற்காக ஏற்பதும், நாட்டு மருந்து என்பதற்காகத் தள்ளுவதும் ஒரே மாதிரியான சோம்பேறித்தனம். நமது பச்சிலையை நாமே தராசில் வைத்து, வந்த எடையை உலகறியச் சொல்லி, மற்றவர்களும் நிறுத்துப் பார்க்க இடங்கொடுத்தோம். சுதந்திர தேசத்தின் விஞ்ஞானம் நடந்துகொள்ள வேண்டிய முறை இதுவே.

இன்றைய நிலைமை

தாய் மரத்திலிருந்து கிளைகள் பல பிரிந்துவிட்டன. 1978-இல் அண்ணா சர்வகலாசாலை ஏற்பட்டதும் கிண்டி இஞ்சினீயரிங் கலாசாலையும், அழகப்பச் செட்டியாரின் பெயரால் 1944-இல் ஏற்பட்ட தொழில் நுட்பக் கலாசாலையும் அதில் சேர்ந்தன. 1988-இல் வைத்தியக் கலாசாலைகள் தனிச் சர்வகலாசாலைக்குப் போயின. நிர்வாகத்துக்கு இவை அவசியமாக இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த அறையிலிருந்தவர் அடுத்த ஸ்தாபனத்தினரானார். நாம் மேலே கண்ட சேர்க்கை இனித் தானாக நேராது, முயன்றே உண்டாக்க வேண்டும்.

இதைவிடக் கவலைக்குரிய விஷயம் பணமும் பதவிகளும் பற்றியது. 2023 ஆகஸ்டில் உபவேந்தரின் காலம் முடிந்த பிறகு, கவர்னர் மாளிகைக்கும் ராஜ்ய சர்க்காருக்கும் இடையிலிருந்த பிணக்கினால், அந்த ஆசனம் நெடுநாள் வெறுமையாகக் கிடந்தது. 2024-இல் வருமான வரி இலாகா சர்வகலாசாலையின் பாங்கிக் கணக்குகளையே முடக்கிவைத்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் இடங்கள் பல வருஷக்கணக்காக நிரப்பப்படவில்லை. தேசம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த நிலைமையில், இன்னொரு ராமச்சந்திரன் ஏன் தோன்றவில்லை என்று கேட்பது, விதையை ஊன்றாதவன் விளைச்சலைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

யார் பேரில் தப்பு என்று நிர்ணயிப்பதைவிட, செய்ய வேண்டியதைச் சொல்லுவது மேல். காலியான ஆசிரியர் பதவிகளைத் தகுதி ஒன்றையே நோக்கி உடனே நிரப்ப வேண்டும். உபவேந்தர் நியமனம் கட்சிச் சண்டைக்குப் பணயமாகக் கூடாது. ஆராய்ச்சி மாணவர்களின் உபகாரச் சம்பளம் மாதந்தோறும் தவறாமல் அவர்கள் கைக்குச் சேர வேண்டும். 1913-இல் 75 ரூபாய் செய்த வேலையை நாம் மறக்கலாகாது. கிண்டி, அடையாறு, தரமணி ஆகிய இடங்களில் சில மைல் தூரத்துக்குள் இருக்கும் ஸ்தாபனங்கள் ஒன்றன் கருவியை மற்றொன்று உபயோகிக்கவும், ஒன்றன் மாணவரை மற்றொன்று வரவேற்கவும் ஏற்பாடு வேண்டும். இவை யாவற்றினும் முக்கியமாக, சர்வகலாசாலையில் நடக்கும் ஆராய்ச்சிகளின் விவரம் வருஷத்துக்கு ஒரு முறையேனும் தெளிவான தமிழில் ஜனங்களுக்கு எட்ட வேண்டும்.

தனக்குத் தெரியாத பொருளுக்காக எந்த ஜனசமூகமும் போராடாது. பள்ளிக்கூடம் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்பதற்கு நமது ஊழியர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆராய்ச்சிசாலை வேண்டும் என்று கேட்பதற்கும் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் நாளை கொடுக்கப்படும் மருந்து இன்று ஆராய்ச்சிசாலையில்தான் பிறக்கிறது. அது நமது ஊரில் பிறப்பதா, சுப்பாராவின் காலத்தில் நேர்ந்ததுபோல் அயலூரிலிருந்து கப்பலேறி வருவதா என்பதை, சர்க்காரை ஏற்படுத்தும் ஜனங்களே தீர்மானிக்க வேண்டும்.