ஒதானியின் 70 கோடி டாலர்: தள்ளிவைத்த சம்பளத்தால் யாருக்கு ஆதாயம்?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியுடன் ஜப்பான் வீரர் ஷோஹெய் ஒதானி 2023 டிசம்பரில் செய்துகொண்ட 10 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 70 கோடி டாலர். எனினும், ஒப்பந்தக் காலத்தில் அவர் ஆண்டுக்குப் பெறுவது 20 லட்சம் டாலர் மட்டுமே. எஞ்சிய 68 கோடி டாலர் 2034 முதல் 2043 வரை வட்டியின்றி வழங்கப்படும்.

காத்திருப்பதால் இழக்கும் வட்டியைக் கழித்தால், ஒப்பந்தத்தின் உண்மை மதிப்பு சுமார் 46 கோடி டாலர்தான். அணியின் மொத்தச் சம்பளம் வரம்பை மீறினால் விதிக்கப்படும் சொகுசு வரிக்கும் இக்குறைந்த மதிப்பே கணக்கில் கொள்ளப்படுகிறது. இதனால் பிற வீரர்களைச் சேர்க்க அணிக்கு வழி பிறக்கிறது. விளம்பர வருவாய் மிகுந்த ஒதானியால் காத்திருக்க இயலும். எல்லா வீரர்களுக்கும் அது சாத்தியமன்று.

வட்டி சேர்ந்தால் கணக்கு தலைகீழாகிறது. பாபி போனியாவுக்குத் தரவேண்டிய 59 லட்சம் டாலரை நியூயார்க் மெட்ஸ் அணி 8 சதவீத வட்டியுடன் தள்ளிவைத்தது. விளைவு: 2011 முதல் 2035 வரை ஆண்டுதோறும் ஜூலை 1-ஆம் தேதி அவருக்குச் சுமார் 11.9 லட்சம் டாலர்.