‘யூரோப் ஆர்டர்’ என்றால் எந்த நாடு? திருப்பூருக்கு ஏன் இந்தக் கேள்வி முக்கியம்?

மண்ணரை பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ‘இது யூரோப் ஆர்டர்’ என்று சொன்னால் கட்டிங் மாஸ்டர் முதல் செக்கிங் வரை எல்லாருக்கும் புரியும். ஆனால் அந்த பீஸ் ஜெர்மனிக்குப் போகிறதா, நார்வேக்கா, சுவிட்சர்லாந்துக்கா, பிரிட்டனுக்கா, துருக்கிக்கா? அதைப் பொறுத்து சுங்க வரி மாறும். சாயத்துக்கான விதி மாறும். காகிதங்களும் மாறும். பேச்சில் எல்லாமே ‘யூரோப்’ என்பதுதான் சிக்கல்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது, ‘யூரோப் பக்கம் போகலாம்’ என்ற பேச்சு திருப்பூரில் பலமானது. சரி, எந்த யூரோப்?

ஐரோப்பாவுக்கு எல்லை எது?

மேப்பைப் பார்த்தால் ஐரோப்பாவும் ஆசியாவும் ஒரே நிலப்பரப்பு. நடுவில் கடல் இல்லை. யூரல் மலைத்தொடரை எல்லையாக வைக்கும் வழக்கம் 18-ம் நூற்றாண்டில் வந்தது.

சைப்ரஸ் தீவைப் பாருங்கள். துருக்கிக்கும் சிரியாவுக்கும் பக்கத்தில் இருக்கிறது. ஐ.நா.வின் புள்ளிவிவரப் பட்டியலில் அது மேற்கு ஆசியா. ஆனால் 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர்.

1987-ல் இரண்டு நாடுகள் ஒன்றாகச் சேர விண்ணப்பித்தன. மொராக்கோவை ‘ஐரோப்பிய நாடு அல்ல’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். துருக்கியை அப்படி அனுப்பவில்லை. 1999-ல் ‘வேட்பாளர் நாடு’ என்ற தகுதி கிடைத்தது. இன்றுவரை உறுப்பினர் ஆகவில்லை.

உறுப்பினர் ஆக ‘ஐரோப்பிய நாடாக’ இருக்க வேண்டும் என்கிறது ஒன்றியத்தின் ஒப்பந்தம். ஐரோப்பிய நாடு என்றால் என்ன என்று அது விளக்கவில்லை. புவியியல், வரலாறு, பண்பாடு எல்லாம் கலந்த சொல் அது என்று 1992-லேயே ஐரோப்பிய ஆணையம் சொல்லிவிட்டது. கால்பந்து ரசிகர்களுக்கு இது புதிதல்ல. இஸ்ரேலும் கஜகஸ்தானும் ஆடுவது ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யூஇஎஃப்ஏ-வில்தான்.

ஆக, ‘இது ஐரோப்பாவா?’ என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. ‘எதற்காகக் கேட்கிறீர்கள்?’ என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே பெயர், பல லிஸ்ட்

ஐரோப்பிய ஒன்றியம்: 27 நாடுகள். வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லா நாடுகளிலும் ஒரே சுங்க வரி. ஹாம்பர்க் துறைமுகத்தில் வரி கட்டி இறங்கிய டி-ஷர்ட்டைப் போலந்தில் விற்க மறுபடி சுங்க வரி கிடையாது.

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி: மேலே சொன்ன 27 நாடுகளுடன் நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் சேர்ந்து 30. சந்தை விதிகள் பொது. சுங்க வரி பொது அல்ல.

எஃப்டா: நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்து என நான்கு நாடுகள். இவற்றுடன் இந்தியா 2024 மார்ச் 10-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது.

பிரிட்டன்: மேலே உள்ள எந்த லிஸ்ட்டிலும் இல்லை. 2020 ஜனவரி 31-ல் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. 2021 முதல் தனி வரி, தனி விதி. இந்தியாவுடன் தனி ஒப்பந்தம் 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது.

நாணயம் இன்னொரு லிஸ்ட். சுவீடன், போலந்து இரண்டும் ஒன்றியத்தில் இருந்தாலும் யூரோவில் இல்லை.

ரேட்டில் என்ன வித்தியாசம்?

ஒன்றியத்தில் பெரும்பாலான ஆயத்த ஆடைகளுக்குப் பொதுவான சுங்க வரி 12 சதவீதம். அங்கே போய் இறங்கும்போது ஒரு டி-ஷர்ட்டின் மதிப்பு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரி மட்டும் 36 ரூபாய். கட்டுவது இறக்குமதியாளர்தான். ஆனால் அதைக் கணக்குப் போட்டுத்தான் பையர் ரேட் பேசுவார். ஒரு பீஸுக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொன்னாலே யோசிக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு 36 ரூபாய் சின்ன விஷயம் இல்லை. வங்கதேசம் அதே சட்டையை வரி இல்லாமல் அனுப்புகிறது. குறைந்த வளர்ச்சி பெற்ற நாடு என்பதால் அதற்கு அந்தச் சலுகை.

இதே சட்டை சுவிட்சர்லாந்துக்குப் போனால் சுங்க வரி பூஜ்யம். 2024 ஜனவரி 1 முதல் தொழிற்சாலைப் பொருட்கள் அனைத்துக்கும் அந்த நாடு சுங்க வரியை நீக்கிவிட்டது, எந்த நாட்டிலிருந்து வந்தாலும்.

ஒன்றியத்துடன் இந்தியா 2007-ல் தொடங்கிய பேச்சு 2013-ல் நின்றது. 2022-ல் மீண்டும் தொடங்கி, 2026 ஜனவரி 27-ல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. பேச்சு முடிந்தவுடன் வரி குறைந்துவிடாது. கையெழுத்து, ஒப்புதல் எல்லாம் முடிந்து ஒப்பந்தம் நடைமுறைக்கு வர வேண்டும்.

சாயப்பட்டறைக்கு எந்த ஐரோப்பா?

ரசாயனங்களுக்கு ‘ரீச்’ என்ற ஐரோப்பியச் சட்டம் இருக்கிறது. தீங்கான சில அமீன்களை வெளியிடக்கூடிய அசோ சாயங்களுக்கு அதில் தடை. இந்தச் சட்டம் 27 நாடுகளோடு நிற்பதில்லை. நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனுக்கும் பொருந்தும். அதாவது வரிக்கு நார்வே ‘வெளியே’, சாயத்துக்கு ‘உள்ளே’. சுவிட்சர்லாந்துக்குத் தனிச் சட்டம். பிரிட்டனுக்கு 2021 முதல் தனி ‘ரீச்’.

துருக்கி இதற்கு நேர் எதிர். ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை, ஆனால் 1996 முதல் அதனுடன் சுங்கக் கூட்டமைப்பில் இருக்கிறது. அதனால்தான் ஆடைத் தொழிலில் திருப்பூருக்குப் போட்டியான துருக்கியின் சட்டைகள் ஐரோப்பாவுக்குள் வரி இல்லாமல் போகின்றன. இதில் துருக்கிக்கு ஒரு வருத்தமும் உண்டு. ஒன்றியம் வேறு நாட்டோடு ஒப்பந்தம் போட்டால், அந்த நாட்டுச் சரக்கு ஒன்றியம் வழியாகத் துருக்கிக்குள் வரலாம். துருக்கிச் சரக்குக்கு அந்த நாட்டில் தானாகச் சலுகை கிடைக்காது.

மெர்ச்சன்டைசர் கேட்க வேண்டிய கேள்விகள்

பையரின் ஆபீஸ் எங்கே என்பதைவிட, சரக்கு எந்த நாட்டில் இறங்கி எங்கே விற்பனையாகும் என்பதே முக்கியம். சுவீடன் கம்பெனி கொடுத்த ஆர்டர் லண்டன் கிடங்குக்குப் போனால் அதற்குப் பிரிட்டன் விதிதான். ஒரே ஆர்டரில் பாதி நெதர்லாந்துக்கும் பாதி நார்வேக்கும் போனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, ‘மேட் இன் இந்தியா’ என்பதற்கான விதி. வெளிநாட்டுத் துணியை வாங்கி இங்கே தைத்தால் போதுமா, நூலிலிருந்தே இங்கே பின்னியிருக்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பார்க்க வேண்டும். இதில் தவறினால் சலுகை கிடைக்காது, முழு வரி விழும்.

டெஸ்ட் ரிப்போர்ட்டும் அப்படித்தான். எந்த நாட்டுச் சட்டப்படி சோதனை வேண்டும் என்பதை சாயம் போடுவதற்கு முன்பே பையரிடம் கேட்டுவிடுவது நல்லது. துணி சாயப்பட்டறையிலிருந்து வந்த பிறகு தெரிந்தால், அந்த லாட்டை என்ன செய்வது என்ற கேள்விதான் மிஞ்சும்.