குளிர் கூடினாலும் மருந்து கெடும்

அம்மாவுக்கு இரண்டு மாதமாகச் சர்க்கரை இறங்கவே இல்லை. ஊசி நேரம் தவறவில்லை, சாப்பாடும் மாறவில்லை. டாக்டர் அளவைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: “இன்சுலினை வீட்ல எங்கம்மா வைக்கிறீங்க?”

“ஃப்ரிட்ஜ்லதான் டாக்டர். ஐஸ் பெட்டிக்குக் கீழ இருக்கிற ட்ரேயில. நல்லா ஜில்லுனு இருக்கும்.”

அங்கே வைத்தது நான்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் ட்ரேயின் ஓரத்தில் பனி கட்டியிருந்தது. புதுக் குப்பி வாங்கி, இடத்தை மாற்றினோம். அதே அளவு மருந்துதான். இரண்டு வாரத்தில் சர்க்கரை இறங்கியது. அதற்குப் பிறகு மருந்துகளின் குளிர் சங்கிலி பற்றித் தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

ஆலையில் இருந்து குளிரூட்டிய வண்டி, மொத்த வியாபாரியின் கிடங்கு, மெடிக்கல் ஷாப், கடைசியில் நம் வீடு. இந்தப் பாதை முழுக்க இன்சுலினும் பெரும்பாலான தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். நாம எல்லாரும் அந்த 8-ஐப் பத்தித்தான் கவலைப்படுறோம். 2-க்குக் கீழே போனால் என்ன ஆகும்னு யோசிக்கிறதே இல்லை.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மருந்துப் பொருள் நுண்ணிய அலுமினிய உப்புத் துகள்களில் ஒட்டியிருக்கும். சுமார் -0.5 டிகிரியிலேயே அது உறையத் தொடங்கும். உறைந்தால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிடும். மறுபடி உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது, வீரியம் போய்விடும். இன்சுலின் ஒரு புரதம். உறைந்தால் அதன் அமைப்பே குலையும். சில சமயம் பார்க்க எப்போதும் போலவே இருக்கும். அதுதான் ஆபத்து.

வெப்பத்தைக் கண்டுபிடிக்க நல்ல வழி இருக்கிறது. 1996-இல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் ஒரு சின்ன அடையாளம் வந்தது: வட்டத்துக்குள் ஒரு சதுரம். சூடு படப்படச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் உறைந்ததை இந்த அடையாளம் காட்டாது.

2015-இல் இந்தியாவில் தொடங்கிய ‘ஈவின்’ திட்டம் தடுப்பூசிக் கிடங்குகளின் குளிர்பெட்டிகளில் சென்சார் பொருத்தி, வெப்பநிலையைத் தொடர்ந்து கவனிக்கிறது. கிடங்கை விட்டு வெளியே வந்தபின் பாதுகாப்பு மனிதர் கையில்தான். கிராமச் செவிலியர்கள் ஐஸ் பேக்கை உறைபெட்டியில் இருந்து எடுத்தவுடன் தடுப்பூசிப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்பது விதி. வெளியே வைத்து, அது வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும். அவசரத்தில் அந்தக் காத்திருப்பு விட்டுப்போனால், நாலு பக்கமும் ஐஸ் சூழ்ந்த குப்பிகள் உறைந்துபோகலாம்.

இன்சுலினுக்கு நம் வீட்டில் சென்சாரும் இல்லை, செவிலியரும் இல்லை. மெடிக்கல்ல நின்னு “ஐஸ் நல்லா போட்டுக் குடுங்க”ன்னு கேட்டு வாங்குற ஆள்தான் நானும். கல் மாதிரி உறைந்த ஜெல் பேக் குப்பியை ஒட்டி இருந்தாலும் இதே கதைதான். நடுவில் ஒரு துணியோ காகிதமோ வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது சுலபம். பிரிக்காத குப்பியை ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், ஐஸ் பெட்டியையும் பின்சுவரையும் தொடாமல் வையுங்கள். ஒருமுறை உறைந்துவிட்டதென்று தெரிந்தால், உருகிய பிறகும் போட வேண்டாம். பயன்பாட்டில் உள்ள குப்பி பொதுவாக நான்கு வாரம் வரை வெளியே தாங்கும். ஆனால் நம்ம ஊர் வெயிலை மனசுல வச்சுக்குங்க. எத்தனை டிகிரி வரை என்பது பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் இருக்கும், படித்துவிடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டு நடுத்தட்டில் ஒரு பழைய டிபன் டப்பாவுக்குள் அம்மாவின் இன்சுலின் இருக்கிறது, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரோடு. காலையில் பால் எடுக்கும்போது அம்மாவே பார்த்துச் சொல்கிறார்: “இன்னைக்கு அஞ்சுப்பா.”