ஹார்னெட்டுக்கு ரோட்டு வீல்: பழைய ஆர்.சி. பக்கியைக் களத்தில் ஓட்டிப் பார்த்த கதை

சென்ற பொங்கலுக்கு நல்லம்பள்ளியில் உள்ள மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கி, "மாப்ள, கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸுன்னு என்னென்னவோ பண்றியே, இது ஓடுமான்னு பாரு" என்றார். உள்ளே இருந்தது டாமியா ஹார்னெட். ஜப்பான் நிறுவனமான டாமியா 1984ல் வெளியிட்ட ரேடியோ கண்ட்ரோல் பக்கி. சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியபோது மாமா வாங்கி வந்தது. மகனுக்கென்று வாங்கினாராம். ஆனால் மகனிடம் கொடுத்ததைவிடப் பரணில் வைத்துக் காப்பாற்றியதுதான் அதிகம். இப்போது அவருக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. அது ஓடுவதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

மோட்டார் 540 ரகம். அது நன்றாகவே சுற்றியது. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியை ஒதுக்கிவிட்டு 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி பேக் ஒன்றை இணைத்தேன். மெக்கானிக்கல் ஸ்பீடு கண்ட்ரோலுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் வகை, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட். இவையெல்லாம் ஒரே நாள் வேலை. சிக்கல் டயரில்தான் வந்தது.

ஹார்னெட்டின் பின்பக்க டயரில் முள் முள்ளாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணைக் குத்திப் பிடிப்பதற்காக அமைத்தது அது. நம்மிடம் இருப்பதோ வீட்டுக்குப் பின்னால் கேழ்வரகு காய வைக்கும் சிமெண்ட் களம். அதில் ஓட்டினால் முள் தேய்ந்து மொட்டையாகிவிடும். பல வருடங்களாகப் பரணில் கிடந்த ஒரிஜினல் டயரை ஒரே வாரத்தில் தீர்த்துவிட எனக்கு மனம் வரவில்லை. எனவே கழற்றி வைத்துவிட்டு, ரோட்டில் ஓடும் வீல் போடலாம் என்று முடிவு செய்தேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடைகளில் "ஃபோம்" என்று சொன்னால் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ரப்பர் டயருக்குள் காற்றுக்குப் பதிலாக வைக்கும் ஸ்பான்ஞ் வளையம். மற்றொன்று, ரப்பரே இல்லாமல் முழுக்க ஸ்பான்ஞால் ஆன டயர். இரண்டாவது வகை ரிம்மில் நேரடியாக ஒட்டப்பட்டிருக்கும். இதன் கடினத்தை ஷோர் என்ற அளவில் குறிப்பிடுவார்கள். எண் குறைந்தால் மென்மை, பிடிப்பு அதிகம், தேய்மானமும் அதிகம்.

எனக்கு முழு ஃபோம் மீதுதான் ஆசை. வேகமாகச் சுற்றும்போது ரப்பர் டயர் பலூன் போல் விரியும், ஃபோம் விரியாது. எடையும் குறைவு. வாங்கினேன். களத்தில் விட்டேன். முதல் வளைவிலேயே பக்கி குட்டிக்கரணம் போட்டது. காரணம் எளிமையானது. ஹார்னெட் உயரமான வண்டி, ஸ்பிரிங்கும் தளதளவென்று இருக்கும். டயர் சறுக்கினால் வண்டி தப்பிக்கும். டயர் தரையைக் கவ்விக்கொண்டால் மேலே உள்ள எடை வண்டியைக் கவிழ்த்துவிடும். இடது முன்பக்க ஆர்மில் விரிசல். மாமா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நல்லவேளையாக டாமியா 2004ல் இதே வண்டியை மறுவெளியீடு செய்தது. அதன் பாகங்கள் பழைய வண்டிக்கும் பொருந்துகின்றன. புது ஆர்ம் வரவழைத்து மாட்டினேன். ஃபோம் டயரோ ஒரே மாலையில் சொரசொரப்பான சிமெண்டில் துண்டு துண்டாகப் பிய்ந்திருந்தது. முன்வீல்களில் உள்பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தது. ஆர்ம் ஏறி இறங்கும்போது இந்த வண்டியின் முன்வீல் சாய்கிறது, அதனால் வந்த வினை. ஆகவே முழு ஃபோம் என்பது கார்ப்பெட்டுக்கும் கல்யாண மண்டபம் போன்ற வழவழப்பான தரைக்கும்தான். அங்கேயும் தாழ்வான வண்டிகளுக்குத்தான் அது சரி.

அடுத்து டூரிங் கார் வீல்களுக்கு வந்தேன். அகலம் 24 அல்லது 26 மில்லிமீட்டர். டயரோடு சேர்த்து விட்டம் சுமார் 63. ஸ்பான்ஞ் உள்ளே, ரப்பர் வெளியே. இவை 12 மில்லிமீட்டர் அறுகோண ஹப்பில் உட்காரும். பழைய பக்கிகளில் அந்த ஹப் கிடையாது. ஹார்னெட்டின் பின்பக்கத்துக்கு அடாப்டர் விலைக்குக் கிடைக்கிறது. வாங்கும்போது கொஞ்சம் நீளமானதாகப் பாருங்கள். டூரிங் வீல் உள்நோக்கி உட்கார்வதால் வண்டியின் அகலம் குறைந்து, மறுபடி கவிழும்.

முன்பக்கம்தான் உண்மையான வேலை. அங்கே வீல் ஆக்ஸிலின் மேல் பேரிங்கில் சும்மா சுற்ற வேண்டும். என் வண்டியில் 11 மில்லிமீட்டர் வெளிவிட்ட பேரிங். அதை 12 மில்லிமீட்டர் அறுகோணத்துக்குள் வைத்தால் சுவர் அரை மில்லிமீட்டர்தான் மிஞ்சும், அது நிற்காது. எனவே 5க்கு 8 அளவுள்ள சிறிய பேரிங் எடுத்தேன். சுவர் ஒன்றரை மில்லிமீட்டர் கூடி, இரண்டு மில்லிமீட்டர் ஆனது. ஃப்ரீகேட் என்ற இலவச சாப்ட்வேரில் வரைந்து, சேலத்தில் 3டி பிரிண்ட் செய்து வாங்கினேன். துளையை 0.2 மில்லிமீட்டர் பெரிதாக வரைந்திடுங்கள், பிரிண்டில் சுருங்கும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம். அது சுமார் 60 டிகிரியில் இளகிவிடும். தர்மபுரி சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் அதோகதிதான். பி.இ.டி.ஜி. கேளுங்கள்.

இன்னொன்று. ஆக்ஸில் நட் பேரிங்கின் உள்வளையத்தை மட்டும்தான் தொட வேண்டும். வீலைத் தொட்டால் வீல் இறுகி நின்றுவிடும். நான் வீலின் நடுத்துளையைப் பெரிதாக்கி, வீலை அடாப்டரோடு மூன்று சிறு ஸ்குரூவால் பிடித்தேன்.

வேகம் என்னவாகும்? எக்ஸெலில் இரண்டு கட்டம் போதும். விட்டத்தைப் பை மதிப்பால் பெருக்குங்கள். பழைய பின்டயர் 85 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 267 மில்லிமீட்டர் நகரும். புதியது 63 என்றால் 198. அதாவது வேகம் கால்பங்கு குறையும். மோட்டாருக்குச் சுமையும் குறையும், சூடேறாது. வண்டி 11 மில்லிமீட்டர் தாழும், கவிழும் பயமும் அந்த அளவு குறையும். பழைய பின்டயர் முன்டயரைவிடப் பெரியது. இப்போது நான்கும் சமம் என்பதால் வால்பக்கம் அதிகமாக இறங்கி, மூக்கு தூக்கி நிற்கும். பின் ஸ்பிரிங்குக்கு அடியில் ஸ்பேசர் வைத்து ஓரளவு சரி செய்தேன். முழுதாக அல்ல.

சங்கராந்திக் கோலம் அழிந்து பல வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிறு மாலை மறுபடி களத்தில் இறக்கினோம். வளைவில் பின்பக்கம் லேசாக வழுக்கி, வண்டி நேராகவே நின்றது. தொப்பூர் பக்கமிருந்து லாரிகள் ஏறி வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரிமோட்டை மாமாவிடம் கொடுத்தேன். தூரத்தில் போனால் அவருக்குத் தெரியவில்லை. அதனால் தன் நாற்காலியைச் சுற்றியே ஓட்டினார். "சத்தம் அதே சத்தம்தான், மாப்ள" என்றார்.

ஒரிஜினல் வீல்கள் நான்கும் இப்போது பழைய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ரப்பர் மேல் எடை ஏற்றாமல், வெயில் படாமல். டின் மேல் மாமா தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்: "பேரனுக்கு. சிமெண்ட்ல ஓட்டக்கூடாது."