புதிய பதிப்புக்கு மாறினால் பழைய ஆட்டம் எங்கே?

கேமின் புதிய பதிப்பை இன்ஸ்டால் செய்து திறந்தால், பல வாரங்களாக ஆடி சேவ் செய்தவற்றைக் காணோம்! அழிந்துவிட்டனவா? பெரும்பாலும் இல்லை.

'பேட்டில் பார் வெஸ்னாத்' என்ற இலவசப் போர் விளையாட்டைப் பாருங்கள். இதன் 1.16 பதிப்பு 2021லும், 1.18 பதிப்பு 2024லும் வெளியாயின. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி போல்டர் வைத்துக் கொள்ளும். விண்டோஸில் டாக்குமெண்ட்ஸ், அதற்குள் மை கேம்ஸ் சென்றால் வெஸ்னாத்1.16, வெஸ்னாத்1.18 என இரண்டும் இருக்கும்.

நான் பின்பற்றும் வழி இது. முதலில் பழைய போல்டர் முழுவதையும் பென் டிரைவில் காப்பி செய்வேன். புதிய பதிப்பை ஒருமுறை திறந்து மூடுவேன். புதிய போல்டர் உருவாகிவிடும். பின், பழைய 'சேவ்ஸ்' போல்டரில் உள்ள பைல்களை காப்பி செய்து, புதிய 'சேவ்ஸ்' போல்டரில் பேஸ்ட் செய்வேன். கட் செய்ய வேண்டாம்.

பைல் வந்து சேர்ந்தாலும் ஆட்டம் ஓடும் என்ற உறுதி இல்லை. பதிப்பு மாறும்போது கேமின் உள்ளமைப்பும் மாறுகிறது. பாதியில் நிற்கும் கேம்பெயின்கள்தான் அதிகம் தகராறு செய்யும். எனவே அதை ஆடி முடிக்கும் வரை பழைய பதிப்பை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். இரண்டு பதிப்புகளும் ஒரே கம்ப்யூட்டரில் தாராளமாக இருக்கலாம்.