ஆர்சா-ஆல்க்கைன்

ஆர்சா-ஆல்க்கைன்கள் என்பவை ஒரு கரிம (கார்பன்) அணுவும் ஓர் ஆர்சனிக் அணுவும் முப்பிணைப்பால் இணைந்துள்ள கரிமச் சேர்மங்கள் ஆகும். ஆல்க்கைனின் முப்பிணைப்பிலுள்ள இரு கரிம அணுக்களுள் ஒன்றுக்குப் பதிலாக ஆர்சனிக் அமைந்திருப்பதை 'ஆர்சா' என்னும் முன்னொட்டு குறிக்கிறது. தனிம அட்டவணையின் 15 ஆம் தொகுதியில் நைட்ரஜன், பாஸ்பரஸ், ஆர்சனிக் ஆகியவை ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. எனவே நைட்ரைல்களும் பாஸ்பா-ஆல்க்கைன்களும் இவற்றின் நெருங்கிய உறவுச் சேர்மங்களாகும்.

பிணைப்பு

முப்பிணைப்பில் ஒரு சிக்மா பிணைப்பும் இரண்டு பை பிணைப்புகளும் உண்டு. பை பிணைப்பு உருவாக, இரு அணுக்களின் பி-ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில் மேற்பொருந்த வேண்டும். கரிமத்தின் 2பி ஆர்பிட்டால் சிறியது. ஆர்சனிக்கின் 4பி ஆர்பிட்டால் பெரியது. ஆதலால் மேற்பொருந்தல் குறைந்து, பை பிணைப்பு வலுவிழக்கிறது. தடை ஏதும் இல்லையெனில், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒற்றைப் பிணைப்புகளாக மாறிவிடும்.

கரிமத்துடனான முப்பிணைப்பின் நீளம் நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 1.16 ஆங்ஸ்ட்ராம், பாஸ்பரசுக்கு 1.54, ஆர்சனிக்குக்கு 1.66 ஆகும். நைட்ரைலில் எதிர்மின் சாயல் நைட்ரஜன் மீது அமைகிறது. ஆர்சா-ஆல்க்கைனிலோ அது கரிமத்தின் மீது அமைகிறது. ஏனெனில் ஆர்சனிக்கின் எலக்ட்ரான் கவர்திறன் கரிமத்தினதைவிடக் குறைவு.

வரலாறு

மூன்றாம் வரிசைக்கும் அதற்குக் கீழும் உள்ள தனிமங்கள் நிலையான பன்மப் பிணைப்புகளை உருவாக்கா என்னும் 'இரட்டைப் பிணைப்பு விதி' நெடுங்காலம் ஏற்கப்பட்டிருந்தது. 1961 இல் கியர் என்பவர் மிக எளிய பாஸ்பா-ஆல்க்கைனைத் தயாரித்தார். அது மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே சிதையாமல் இருந்தது. 1981 இல் பெக்கர் நிலையான பாஸ்பா-ஆல்க்கைன் ஒன்றை உருவாக்கினார். அவ்வழியைப் பின்பற்றி, 1986 இல் ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்ல், செஜ்ப்கா ஆகியோர் முதல் நிலையான ஆர்சா-ஆல்க்கைனைப் பெற்றனர்.

நிலைப்புத்தன்மை

அச்சேர்மத்தின் கரிம அணுவோடு ஒரு பென்சீன் வளையம் இணைந்துள்ளது. வளையத்தின் 2, 4, 6 ஆம் இடங்களில் பருமனான மூவிணைய பியூட்டைல் தொகுதிகள் உள்ளன. இவற்றுள் 2, 6 ஆம் இடங்களில் உள்ளவை முப்பிணைப்பைச் சுற்றி வேலிபோல் நின்று, பிற மூலக்கூறுகள் நெருங்குவதைத் தடுக்கின்றன. பிணைப்பின் வலுவைவிட இந்த இடத்தடையே சேர்மத்தைக் காக்கிறது.

இத்தகைய காப்பு இல்லாதபோது நிகழ்வதற்குச் சால்வர்சான் சான்றாகும். 1910 இல் விற்பனைக்கு வந்த இம்மருந்தில் இரு ஆர்சனிக் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு இருப்பதாகப் பாடநூல்கள் பல்லாண்டுகள் வரைந்து காட்டின. அது ஒற்றைப் பிணைப்புகளால் ஆன ஆர்சனிக் வளையங்களின் கலவை என்பது 2005 இல் தெரியவந்தது.